முதலில் எந்தக் கம்ப்யூட்டர் மொழி?

செங்கல்பட்டு ரெயில் நிலையத்தில் காலை நேரத்தில் நின்று பாருங்கள்.

சென்னை கடற்கரைக்குப் புறப்படும் மின்சார ரெயிலில், தோளில் பையை மாட்டிக்கொண்டு இளைஞர்களும் இளம்பெண்களும் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள்.

அடுத்த நிலையம் பரனூர். அங்கே மகேந்திரா வேர்ல்டு சிட்டி இருக்கிறது. இன்போசிஸ் கம்பெனியின் பெரிய வளாகம் அதற்குள்தான். இன்னும் சில நிலையங்கள் தாண்டினால் பொத்தேரி. அங்கே என்ஜினீயரிங் கல்லூரி மாணவர்கள் இறங்குவார்கள். அதற்கடுத்தது கூடுவாஞ்சேரி. ஜோஹோ கம்பெனி அதன் அருகில் இருக்கிறது.

கடற்கரைப் பக்கம் வந்தாலும் இதே கதைதான். மாமல்லபுரத்தில் இருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் வடக்கே போனால் சிறுசேரி வருகிறது. அங்கே சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. டி.சி.எஸ். கம்பெனியின் கட்டிடங்கள் சாலையில் போகிறவர்களை நின்று பார்க்க வைக்கின்றன.

2019-ம் ஆண்டு காஞ்சிபுரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது செங்கல்பட்டு. ஏரிக்கும் நெல்லுக்கும் பெயர்போன இந்த ஊர்ப்பக்கம், இன்று கம்ப்யூட்டர் வேலைக்கும் பெயர் பெற்றுவிட்டது.

"நம் பிள்ளையும் இப்படி ஒருநாள் பையை மாட்டிக்கொண்டு போகவேண்டும்" என்று எத்தனையோ பெற்றோர்கள் ஆசைப்படுகிறார்கள். நியாயமான ஆசைதான்.

ஆனால் எங்கே தொடங்குவது? எதை முதலில் படிப்பது? இங்கேதான் குழப்பம்!

பெயர்களோ ஏராளம்

"கோடிங் கற்றுத் தருகிறோம்" என்று ஊருக்கு ஊர் பலகை தொங்குகிறது. ஜாவா, பைத்தான், பி.எச்.பி., ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட் என்று பலகை நிறையப் பெயர்கள்.

"எதில் சேர்ப்பது?" என்று தகப்பனார் கேட்டால், "எல்லாவற்றிலும் சேருங்கள்" என்று பதில் வருகிறது. எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டணம். நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிற குடும்பங்களும் உண்டு.

மூன்று மாதம் ஒரு மொழி, அடுத்த மூன்று மாதம் வேறொரு மொழி என்று ஓடுகிற பிள்ளை, வருடக் கடைசியில் ஒன்றையும் உருப்படியாகக் கற்காமல் நிற்பதும் உண்டு. பணம் போனால் சம்பாதித்துவிடலாம். "எனக்கு இது வராது" என்று ஒரு பிள்ளை மனம் உடைந்துவிட்டால், அதைத் திருப்பிக் கட்டுவது கடினம்.

ஆகவே, முதல் மொழியைத் தேர்ந்தெடுப்பது சின்ன விஷயம் அல்ல.

வலை பிறந்த கதை

கம்ப்யூட்டர் மொழி என்றால் என்ன? கம்ப்யூட்டருக்கு நாம் வேலை சொல்லும் பாஷை. நாம் சொன்னதைச் சொன்னபடியே அது செய்யும். தப்பாகச் சொன்னால் தப்பாகவே செய்யும்.

செல்போனில் நாம் பார்க்கிற இணையப் பக்கங்கள் எப்படி வந்தன?

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரத்துக்கு அருகில், 'செர்ன்' என்ற விஞ்ஞான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர் டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர். ஆராய்ச்சியாளர்களின் குறிப்புகளை ஒன்றோடு ஒன்று இணைத்துப் படிக்க ஒரு வழி வேண்டும் என்று 1989-ம் ஆண்டு அவர் யோசனை சொன்னார். 1991-ம் ஆண்டு உலகின் முதல் இணையதளம் வெளியுலகுக்குத் தெரிந்தது.

1993-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்த நிலையம் ஒரு பெரிய காரியம் செய்தது. "இந்த வலையை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம்" என்று அறிவித்தது. திருக்கழுக்குன்றத்தில் இருக்கும் ஒரு மாணவி இன்று காசு கொடுக்காமல் இணையப் பக்கம் எழுத முடிகிறது என்றால், அந்த அறிவிப்புக்கும் அதில் பங்கு உண்டு.

மாமல்லபுரத்தில் ஒரு கடை

உதாரணம் ஒன்று பார்ப்போம்.

மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அங்குள்ள கற்சிற்பங்களுக்கு 2017-ம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே சிற்பக் கடை வைத்திருக்கும் ஒருவர், தன் கடைக்கு இணையப் பக்கம் வேண்டும் என்று கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். பக்கத்தில் என்னென்ன வேண்டும்?

கடையின் பெயர் வேண்டும். பிள்ளையார் சிலையின் படம் வேண்டும். உயரம், விலை, "வாங்குக" என்ற பட்டன் எல்லாம் வேண்டும்.

"இது தலைப்பு, இது படம், இது விலை" என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இடுகிற வேலையைச் செய்வது எச்.டி.எம்.எல். டிம் பெர்னர்ஸ் லீ உண்டாக்கியது இதுதான்.

மாமல்லபுரத்தில் வேலை முடியாமல் விட்டுப்போன குகைகள் இருக்கின்றன. அவற்றின் பாறையில் கட்டம் கட்டமாகக் கோடு வெட்டியிருப்பதை இன்றும் காணலாம். எது எங்கே வரவேண்டும் என்று முதலில் கட்டம் போட்டு, பிறகுதான் உள்ளே குடைந்திருக்கிறார்கள். எச்.டி.எம்.எல். செய்வதும் அந்தக் கட்டம் போடும் வேலைதான்.

அடுத்தது அழகு. எழுத்து எந்த நிறம்? படம் இடப்பக்கமா, வலப்பக்கமா? செல்போனில் பார்த்தால் எப்படித் தெரியவேண்டும்? இதைக் கவனிப்பது சி.எஸ்.எஸ். நார்வே நாட்டைச் சேர்ந்த ஹோகன் வியூம் லீ என்பவர் 1994-ம் ஆண்டு இதற்கு யோசனை கொடுத்தார்.

மூன்றாவது, செயல். சிலையின் விலை அடிக்கு ரூ.5 ஆயிரம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் "3 அடி" என்று தட்டியதும், "ரூ.15 ஆயிரம்" என்று உடனே காட்டவேண்டும். கணக்குப் போடவேண்டும். பட்டனை அழுத்தினால் எதாவது நடக்கவேண்டும். இதைச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட்.

இந்த மூன்றும் வாடிக்கையாளரின் கையில் உள்ள செல்போனிலேயே வேலை செய்பவை. பக்கத்தைக் காட்டும் 'பிரவுசர்' என்ற கருவிக்கு இந்த மூன்றும் இயல்பாகவே தெரியும்.

பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள்

இங்கே ஓர் எச்சரிக்கை.

ஜாவா வேறு, ஜாவாஸ்கிரிப்ட் வேறு!

இரண்டும் 1995-ம் ஆண்டு வெளிவந்தவை. ஜாவாவை உண்டாக்கியவர் சன் கம்பெனியில் இருந்த ஜேம்ஸ் காஸ்லிங். ஜாவாஸ்கிரிப்டை உண்டாக்கியவர் நெட்ஸ்கேப் கம்பெனியில் இருந்த பிரெண்டன் ஐக்.

ஜாவாஸ்கிரிப்டுக்கு முதலில் வைத்த பெயர் 'மோக்கா'. பிறகு 'லைவ்ஸ்கிரிப்ட்'. அப்போது ஜாவா என்ற பெயருக்கு நல்ல மவுசு இருந்தது. அந்த மவுசில் பங்கு பெறவே ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர் மாற்றினார்கள். அந்தப் பெயர் 30 வருடமாக எல்லோரையும் குழப்பிக்கொண்டிருக்கிறது.

இணையப் பக்கம் செய்யக் கற்கவேண்டும் என்று போன பிள்ளையை "ஜாவா வகுப்பில் சேர், இரண்டும் ஒன்றுதான்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

ஜாவா மோசமான மொழி அல்ல. பெரிய கம்பெனிகளில் அதற்கு நிறைய வேலை உண்டு. ஆனால் சின்ன வேலைக்கும் அதில் நிறைய எழுதவேண்டும். வலைப்பக்கம் செய்ய நினைப்பவருக்கு முதல் படியாக அது கொஞ்சம் உயரம்.

10 நாளில் பிறந்த மொழி

ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை பிரெண்டன் ஐக் 1995-ம் ஆண்டு மே மாதம் 10 நாட்களில் எழுதி முடித்தார். அத்தனை அவசரம்!

அவசரத்தின் தழும்பு இன்றும் அதில் இருக்கிறது.

நம் சிற்பக் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 3 கல்விளக்கு வேண்டும் என்று தட்டுகிறார். இனாமாக ஒரு விளக்கு சேர்த்து 4 என்று காட்டவேண்டும். எச்சரிக்கை இல்லாமல் எழுதினால், ஜாவாஸ்கிரிப்ட் 31 என்று காட்டிவிடும்!

காரணம் என்ன? பெட்டியில் தட்டிய 3 அதற்கு எண் அல்ல, எழுத்து. எழுத்தோடு 1-ஐச் சேர்க்கச் சொன்னால், பக்கத்தில் ஒட்டவைத்து 31 ஆக்கிவிடுகிறது. தப்பு நடந்தது என்று ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

இதே வேலையை பைத்தான் மொழியில் சொன்னால், "ஒன்று எழுத்து, ஒன்று எண். இரண்டையும் கூட்ட முடியாது" என்று சொல்லி நின்றுவிடும். புதிதாகக் கற்பவருக்கு இது நல்லது. தப்பு எங்கே என்று உடனே தெரிகிறது.

ஜாவாஸ்கிரிப்டின் இந்தக் குறையைக் குறைக்க, 2012-ம் ஆண்டு மைக்ரோசாப்ட் கம்பெனி 'டைப்ஸ்கிரிப்ட்' என்ற மொழியை வெளியிட்டது. அதை இரண்டாம் வருடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கல்லாப்பெட்டி யாரிடம்?

வாடிக்கையாளர் "வாங்குக" பட்டனை அழுத்திவிட்டார். அந்த ஆர்டர் எங்கே போகிறது?

அது கடைக்காரர் பக்கத்தில் உள்ள ஒரு கம்ப்யூட்டருக்குப் போகவேண்டும். அதற்கு 'சர்வர்' என்று பெயர். அங்கே ஆர்டரைக் குறித்துக்கொள்ள ஒரு பேரேடு வேண்டும். பேரேட்டில் எழுதவும், தேடவும் உதவுவது எஸ்.க்யூ.எல். இது 1970-களில் ஐ.பி.எம். கம்பெனியில் உருவானது. ஐம்பது வயதானாலும் இன்னும் ஓய்வு பெறவில்லை!

இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது.

விலைக் கணக்கை வாடிக்கையாளரின் பிரவுசரில் மட்டும் போட்டுவிட்டு நம்பி இருக்கக்கூடாது. விவரம் தெரிந்த ஒருவர் ரூ.15 ஆயிரத்தை ரூ.15 என்று மாற்றி அனுப்பிவிட முடியும். ஆகவே சர்வரில் மறுபடியும் கணக்கைச் சரிபார்க்கவேண்டும். கல்லாப்பெட்டியின் சாவியை வாங்க வந்தவரிடம் கொடுக்கலாமா?

இந்தப் பின்பக்க வேலைக்குத்தான் இன்னொரு மொழி தேவைப்படுகிறது. பி.எச்.பி., பைத்தான், ஜாவா எல்லாம் இங்கே வருகின்றன.

பி.எச்.பி.யும் பைத்தானும்

பி.எச்.பி.யை உண்டாக்கியவர் ராஸ்மஸ் லெர்டார்ப். பனி மூடிய கிரீன்லாந்து தீவில் பிறந்தவர். இணையத்தில் வைத்திருந்த தன் சுயவிவரத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள 1994-ம் ஆண்டு சில கருவிகளை எழுதினார். மறு ஆண்டு அதை எல்லோருக்கும் கொடுத்தார். அதுவே வளர்ந்து பெரிய மொழி ஆயிற்று. விக்கிபீடியா கலைக்களஞ்சியம் இதில்தான் ஓடுகிறது. 2003-ம் ஆண்டு தொடங்கிய 'வேர்ட்பிரஸ்' என்ற மென்பொருளும் இதில் எழுதப்பட்டதே. சின்னக் கடைகள், பள்ளிகள், விடுதிகள் பலவற்றின் இணையதளங்கள் வேர்ட்பிரசில் நடக்கின்றன.

பைத்தானை உண்டாக்கியவர் ஹாலந்து நாட்டு கைடோ வான் ராசம். 1989-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுது போக்காகத் தொடங்கினார். 1991-ம் ஆண்டு வெளியிட்டார். பெயரைக் கேட்டு மலைப்பாம்பு என்று நினைக்கவேண்டாம். அது 'மான்டி பைத்தான்' என்ற இங்கிலாந்து டெலிவிஷன் நகைச்சுவைக் குழுவின் பெயர். படிக்க எளிது. எழுதவும் எளிது. கணக்கு, ஆராய்ச்சி, செயற்கை நுண்ணறிவு ஆகிய வேலைகளுக்கு இதைத்தான் அதிகம் எடுக்கிறார்கள்.

"அப்படியானால் பைத்தானையே முதலில் படிக்கலாமே?" என்று கேட்பீர்கள்.

படிக்கலாம். தப்பில்லை. ஆனால் பிரவுசருக்கு அது இயல்பாகத் தெரிந்த மொழி அல்ல. பைத்தானில் மட்டும் எழுதிவிட்டு, "என் பக்கத்தைப் பாருங்கள்" என்று பாட்டியிடம் செல்போனை நீட்ட முடியாது. அதற்கு எச்.டி.எம்.எல்.லும் வேண்டும், சர்வரும் வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்டுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 2009-ம் ஆண்டு ரையன் டால் என்பவர் 'நோட்' என்ற கருவியை வெளியிட்டார். அது வந்தபிறகு சர்வர் பக்கத்து வேலையையும் ஜாவாஸ்கிரிப்டிலேயே செய்ய முடிகிறது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் ஒரே மொழி!

அப்படியானால் முடிவு என்ன?

இணையப் பக்கம் செய்வதுதான் நோக்கம் என்றால், வரிசை இதுதான்:

முதலில் எச்.டி.எம்.எல். பிறகு சி.எஸ்.எஸ். அதன் பிறகு முதல் மொழியாக ஜாவாஸ்கிரிப்ட்.

முதல் இரண்டும் அடையாளம் இடவும் அலங்கரிக்கவும் மட்டுமே. "இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்" என்று யோசிக்கச் சொல்லித் தருவது மூன்றாவதுதான்.

ஜாவாஸ்கிரிப்டில் குறை இருக்கிறதே என்று பயப்படவேண்டாம். அது எங்கே சறுக்கும் என்று முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டால் போதும். செய்ததை உடனே கண்ணால் பார்க்க முடிகிறது என்பது அதன் பெரிய பலம். தான் எழுதிய பக்கம் அம்மாவின் செல்போனில் திறப்பதைக் கண்ட பிள்ளை, அடுத்த நாளும் தானாகவே உட்காரும்.

மூன்று கேள்விகள்

எல்லோருக்கும் ஒரே மருந்து பொருந்தாது. சேருமுன் இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: எதைச் செய்யப்போகிறோம்? கணக்கு, ஆராய்ச்சி, செயற்கை நுண்ணறிவில் நாட்டம் இருந்தால் பைத்தானை முதலில் எடுங்கள். ஊரில் உள்ள விடுதிகளுக்கும் கடைகளுக்கும் சீக்கிரம் இணையதளம் செய்து கொடுக்க நினைத்தால், எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். கற்றதும் பி.எச்.பி.க்குப் போகலாம்.

இரண்டு: சந்தேகம் வந்தால் யாரைக் கேட்போம்? பக்கத்து வீட்டு அண்ணன் பைத்தான் தெரிந்தவராக இருந்தால், அதையே முதல் மொழியாக எடுப்பது புத்திசாலித்தனம். தெரியாத மொழிக்கு நூறு வீடியோ பார்ப்பதைவிட, தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது மேல்.

மூன்று: கையில் என்ன கருவி இருக்கிறது? ஜாவாஸ்கிரிப்டுக்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம். 2011-ம் ஆண்டு சர்க்கார் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்த பழைய மடிக்கணினி ஓடினாலும் போதும். பிரவுசரைத் திறந்து 'எப் 12' பட்டனை அழுத்துங்கள். 'கன்சோல்' என்ற பகுதியில் 12 பெருக்கல் 15 என்று, பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி போட்டுத் தட்டுங்கள். 180 என்று விடை வரும். அதுதான் உங்கள் முதல் ஜாவாஸ்கிரிப்ட் வரி! காலணா செலவில்லை.

தமிழில் படிக்க முடியுமா?

"என் மகள் தமிழ் மீடியம். இங்கிலீஷ் வராதே!" என்று கவலைப்படும் தாய்மார்களுக்கு ஒரு நல்ல செய்தி.

தமிழக அரசு 2018-ம் ஆண்டு 11-ம் வகுப்புக்குக் கொண்டுவந்த 'கணினிப் பயன்பாடுகள்' பாட நூலில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் இருக்கின்றன. 2019-ல் வந்த 12-ம் வகுப்பு நூலில் பி.எச்.பி. இருக்கிறது. அதே ஆண்டு 12-ம் வகுப்பு 'கணினி அறிவியல்' நூலில் பைத்தானைச் சேர்த்தார்கள். எல்லாம் தமிழிலேயே விளக்கப்பட்டுள்ளன.

ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிச் சொல்லித்தரும் பல பாடங்களின் அடிப்படை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பழைய பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. யாரும் திறந்து பார்ப்பதில்லை!

இன்னும் வழிகள் உண்டு. 2012-ம் ஆண்டு தொடங்கிய 'கணியம்' என்ற தமிழ் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள்கள் பற்றி எளிய தமிழில் எழுதி வருகிறது. அதன் மின்னூல்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பம்பாய் ஐ.ஐ.டி. நடத்தும் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் தமிழ்க் குரலுடன் படப் பாடங்கள் இருக்கின்றன. கல்லூரி மாணவர்களுக்கு 2022-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது.

தமிழிலேயே கட்டளை எழுதும் மொழியும் உண்டு. அதன் பெயர் 'எழில்'. முத்து அண்ணாமலை என்ற தமிழர் உருவாக்கியது. திரையில் ஒன்றைக் காட்ட 'பதிப்பி' என்று தமிழிலேயே எழுதலாம். கம்பெனி வேலைக்கு இது உதவாது. ஆனால் "கம்ப்யூட்டருக்கு வேலை சொல்வது என்றால் என்ன" என்று சின்னப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நல்ல கருவி.

மற்ற மொழிகளில் கட்டளைச் சொற்கள் இங்கிலீஷில்தான் இருக்கும். பயம் வேண்டாம். அடிக்கடி வருகிற சொற்கள் ஐம்பது அறுபதுதான். சமையலறை டப்பாக்களின் பெயர் மனதில் நிற்பதுபோல, எழுத எழுத அவையும் நின்றுவிடும். மேலே போகப் போக இங்கிலீஷ் படிக்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும். அதையும் கூடவே வளர்த்துக்கொள்ளவேண்டும்.

பணம் கட்டுமுன்...

"வேலைக்கு நூற்றுக்கு நூறு உத்தரவாதம்" என்று சொல்கிற இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்த உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

முன்பு படித்தவர்கள் செய்த இணையப் பக்கங்களைக் காட்டச் சொல்லுங்கள். முதல் வகுப்பை இலவசமாகக் கவனிக்க அனுமதி கேளுங்கள். கட்டணத்தை முழுவதும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள். கல்விக் கடன் என்று சொல்லி நீட்டுகிற தாளில், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏமாற்றம் நடந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம்.

பெரிய கம்பெனிகள் ஆள் எடுக்கும்போது, எத்தனை மொழி தெரியும் என்று எண்ணிப் பார்த்து எடுப்பதில்லை. யோசிக்கத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இன்போசிஸ் கம்பெனி புதிதாகச் சேருகிறவர்களுக்கு மைசூரில் தானே பயிற்சி கொடுத்து வருகிறது. ஜோஹோ கம்பெனி, பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துச் சொல்லித்தரும் பள்ளியை நடத்துகிறது. கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களும் அங்கே படித்து வேலையில் சேர்ந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட வழிகளை முயன்று பார்த்துவிட்டு, நகையை அடகு வைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

இயந்திரமே எழுதிவிடாதா?

இப்போது எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி இது. 2022-ம் ஆண்டு நவம்பரில் 'சாட் ஜி.பி.டி.' வந்தது. கேட்டால் அதுவே கோடிங் எழுதித் தருகிறது. பிறகு நாம் எதற்குக் கற்கவேண்டும்?

எழுதித் தருகிறது, உண்மைதான். சில நேரம் தப்பாகவும் எழுதித் தருகிறது. கல்விளக்கு 31 என்று காட்டினால், அது தப்பு என்று கண்டுபிடிப்பது யார்? கல்லாப்பெட்டியின் சாவி வெளியே தொங்குகிறது என்று பார்த்துச் சொல்வது யார்? மொழி தெரிந்தவர்தான்.

கால்குலேட்டர் வந்தபிறகும் வாய்ப்பாடு தெரிந்த கடைக்காரரை ஏமாற்ற முடியாது. இதுவும் அப்படித்தான்.

கற்கும் காலத்தில் இயந்திரத்திடம் விளக்கம் கேளுங்கள். விடையை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். புதியவர்களுக்குக் கொடுத்து வந்த சின்னச்சின்ன வேலைகளை இயந்திரம் செய்யத் தொடங்கிவிட்டது. அரைகுறையாகக் கற்றவருக்கு இனி இடம் சுருங்கும். ஒன்றை ஆழமாகக் கற்கவேண்டிய அவசியம் அதனால் கூடியிருக்கிறதே தவிர, குறையவில்லை.

ஆறு மாதத் திட்டம்

முதல் மாதம்: எச்.டி.எம்.எல். உங்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கம் செய்யுங்கள். கோயில், குளம், பஸ் நேரம் எல்லாம் போடுங்கள்.

இரண்டாம் மாதம்: சி.எஸ்.எஸ். அதே பக்கத்தை அழகுபடுத்துங்கள். செல்போனிலும் சரியாகத் தெரியவேண்டும்.

மூன்று, நான்காம் மாதங்கள்: ஜாவாஸ்கிரிப்ட். வட்டிக் கணக்கு, பால் கணக்கு, வாய்ப்பாட்டு விளையாட்டு என்று சின்னச்சின்னதாகச் செய்யுங்கள்.

ஐந்தாம் மாதம்: தெரிந்தவர் ஒருவருடைய கடைக்கு உண்மையான பக்கம் ஒன்று செய்து கொடுங்கள். டீக்கடையானாலும் சரி, தையல் கடையானாலும் சரி. அவர் "இதை மாற்று, அதை மாற்று" என்பார். அந்தத் திருத்தங்கள்தான் உங்கள் பரீட்சை.

ஆறாம் மாதம்: எஸ்.க்யூ.எல். தொடக்கம். ஆர்டரைப் பேரேட்டில் ஏற்றப் பழகுங்கள். பிறகு பின்பக்க வேலைக்கு இரண்டாவது மொழி வேண்டுமா, ஜாவாஸ்கிரிப்டே போதுமா என்று நீங்களே முடிவு செய்யலாம். அப்போது யாரையும் கேட்கத் தேவையிருக்காது.

தினம் ஒரு மணி நேரம் போதும். ஆனால் தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறு மணி நேரம் உட்காருவது பலன் தராது.

நடுவில் நண்பன் வந்து, "புது மொழி வந்திருக்கிறது, அதற்கு மாறிவிடு" என்பான். மாறாதீர்கள். 1957-ம் ஆண்டு தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் கல்லும் உண்டு, மரமும் உண்டு, உலோகமும் உண்டு. ஆனால் கை பழகுவதற்கு ஒன்றில் நிலையாக உட்காரவேண்டும். ஒன்றில் பழகிய கைக்கு மற்றது சீக்கிரம் வரும். கம்ப்யூட்டர் மொழிகளும் அப்படியே. முதல் மொழிக்கு ஆறு மாதம் ஆனால், இரண்டாவது மொழிக்கு அதில் பாதிகூட ஆகாது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை மணிக்கணக்கில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தால், "என்ன படிக்கிறாய்?" என்று கேட்காதீர்கள். "என்ன செய்திருக்கிறாய்? காட்டு" என்று கேளுங்கள். வாரம் ஒரு தடவை கேட்டால் போதும். காட்டுவதற்கு ஏதாவது இருந்தால், பிள்ளை சரியான வழியில் போகிறது என்று அர்த்தம்.